கழுவக் கழுவக் கறுத்தது

என் கணவர் ஏழுமலை அன்று காலை மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் போடாமல், இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் வந்தார். ஹெல்மெட்டின் வாயை அவருடைய துண்டு மூடியிருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற மனிதர் வழக்கமாகப் பாதித் தூக்கத்தில் வருவார். அன்றைக்குத் தளும்பத் தளும்பக் குழம்புச் சட்டியைத் தூக்கி வருகிறவர் மாதிரி அடிமேல் அடி வைத்து வந்தார்.

"இன்னாய்யா அது?" என்றேன்.

"கத்தாத மே. உள்ள உசுரு கீது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். "உசுரோ கிசுரோ, டிரம்மாண்டயே நில்லு" என்றேன்.

அது எங்கள் வீட்டுச் சட்டம். நிலக்கரி யார்டிலிருந்து வருகிற எதுவும் குளிக்காமல் வாசற்படி தாண்டக் கூடாது. ஆள், செருப்பு, டிஃபன் பாக்ஸ், சைக்கிள் சாவி, எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்தான்.

எண்ணூரில் குடித்தனம் நடத்த இப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டால் சோற்றிலேயே கரி வரும். யார்டில் அவருக்குக் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை, காண்ட்ராக்ட் ஆள். ஷிஃப்ட் முடிந்து வரும்போது கண்ணின் வெள்ளையையும் பல்லையும் வைத்துத்தான் அவரை அடையாளம் காண வேண்டும். அதனால் வாசலில் ஒரு நீல டிரம், ஒரு மக்கு, ஒரு சோப்புப் பெட்டி. மழையோ பனியோ, அங்கே நின்று தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்ட பிறகுதான் அவர் எனக்குப் புருஷன். அதுவரைக்கும் யாரோ.

அவர் துண்டை லேசாக விலக்கிக் காட்டினார். உள்ளே ஒரு பச்சோந்தி இருந்தது.

ஹெல்மெட்டுக்குள் ஒரு கேட் பாஸ்

யார்டின் வேலியோரம் வேலிக்காத்தான் புதரில் அது தூங்கிக்கொண்டிருந்ததாம். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் யாரோ டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். விஷம் என்று சொல்லி ஒருவர் கம்பைத் தேடப் போயிருக்கிறார். சூப்பர்வைசர் விவரமானவர். கொன்றால் கேஸ் ஆகிவிடும் என்று தடுத்து, ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, வனத்துறைக்கும் ஃபோன் பண்ணிவிட்டார். பத்திரமாக வைத்திருங்கள், எங்கள் ஆள் வந்து எடுத்துக்கொள்வார் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். ஆபீஸ் அறைக்குள் அதை வைக்க யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. யார் வீடு பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்ததில் எங்கள் வீடு மாட்டிக்கொண்டது.

"உசுரோட ஒப்படைக்கணும்னாரு. ஃபோட்டோ பெரிய ஆபீஸ் வரிக்கும் பூட்ச்சாம். எதுனா ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும் ஏழுமலைன்னாரு."

"அதுக்கு நீ இன்னாத்துக்குய்யா தலைய ஆட்டிக்கினு வந்த?"

"கேட் பாஸு அவரு கையிலதான கீது?"

காண்ட்ராக்ட் ஆட்களுக்கெல்லாம் கேட் பாஸ் புதுப்பித்துக்கொண்டிருந்த நேரம் அது. சில பேருக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் பதில் சொல்லவும் ஆளில்லை. பாஸ் இல்லாதவர் மறுநாளிலிருந்து கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். ஒரு வாரமாக இந்த மனிதர் குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினார். இப்போது அந்தக் கேட் பாஸ் ஹெல்மெட்டுக்குள் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பச்சோந்தியை உயிரோடு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ராயபுரத்தில் ஓணான்தான் உண்டு. கழுத்துச் சிவந்து தலையாட்டுமே, அதையே பச்சோந்தி என்று நம்பி வளர்ந்தவள் நான். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் நிறையச் செலவழித்திருக்கிறேன். பெரும்பாலும் பக்கத்து வீட்டில் இருக்கிற ஏழுமலையின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிற கஸ்தூரியின் வீட்டுக்காரர்மேல். எல்லாக் கட்சித் துண்டும் அவர் பீரோவில் மடித்து அடுக்கியிருக்கும். எந்தக் கூட்டத்துக்கு வேன் வருகிறதோ அந்தத் துண்டு அன்றைக்குத் தோளில் ஏறும். "வந்துட்டாரு பச்சோந்தி" என்று அவர் காதுபடவே சொல்வேன். அவரும் சிரித்துக்கொண்டே போவார்.

நிஜப் பச்சோந்தி அவரைப் போல ஒன்றும் சுறுசுறுப்பாக இல்லை. ஒரு காலை எடுத்து, வைக்கலாமா வேண்டாமா என்று ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தது. விரல்கள் அடுப்படி இடுக்கி மாதிரி ஹெல்மெட்டின் வாரைக் கவ்வியிருந்தன. ஒரு கண் என்னைப் பார்த்தது, இன்னொன்று தனியாகச் சுழன்று ஏழுமலையைப் பார்த்தது. வாயைத் திறந்து உஸ்ஸென்று சீறவும் செய்தது.

எல்லாம் சரி. ஆனால் அது பச்சையாக இல்லை. கரும்பழுப்பாக, அடிப்பிடித்த பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது.

ஏழுமலை ஃபோனை எடுத்துக் குரூப்பில் வந்த ஃபோட்டோவைக் காட்டினார். அதில் அது இளம்பச்சையாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் ஃபோட்டோவைப் பார்த்தோம், ஹெல்மெட்டைப் பார்த்தோம். சத்தம் கேட்டு வந்த கஸ்தூரி அண்ணியும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தீர்ப்பும் அவர்தான் சொன்னார்.

"ஐய, இது தெரியலியா? உன் ஹெல்மெட்டு கரி பூரா அது மேல அப்பிக்கினு கீதுடா. ஃபாரஸ்ட்டுக்காரன் வந்து ஃபோட்டோல பச்சையா கீது, இன்னாடா கறுப்பா கொடுக்கறன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

சரியான பேச்சு என்றுதான் எனக்கும் பட்டது. இந்த ஊரில் கறுத்துப்போன எதற்கும் காரணம் ஒன்றுதான். கொடியில் போட்ட துணி, மொட்டை மாடி, முருங்கை இலை, மூக்கு, எது கறுத்தாலும் யாரும் வேறு காரணம் தேடுவதில்லை. கழுவிவிடுவோம். இதையும் கழுவிவிடுவது என்று முடிவானது.

வெள்ளைப் புடவை என்ன ஆயிற்று?

கழுவுவதற்கு முன் ஒரு கிளைக்கதை. போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் இருந்த பெண், காசிமேட்டில் மீன் கூடை இறக்கிக்கொண்டிருந்த ஆளைக் கட்டிக்கொண்ட கதை. அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "அந்த வெள்ளைப் புடவை இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார்.

இருக்கிறது அம்மா. அதுவும் இந்தக் கதையில் வருகிறது.

எங்கள் ராயபுரத்து வீட்டில் வெள்ளை என்பது ஞாயிற்றுக்கிழமையின் நிறம். அப்பாவின் சட்டை, எங்கள் முக்காடு, மேசை விரிப்பு எல்லாம் சனிக்கிழமையே மாடியில் காயும். கடல் காற்றில் அவை படபடவென்று அடித்துக்கொள்கிற சத்தத்தில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். நீலம் போட்ட துணியின் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

கல்யாணமாகி எண்ணூர் வந்த புதிதில் வெள்ளை நைட்டி ஒன்றைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் மிளகுத்தூள் தூவியது போல இருந்தது. திரும்பத் துவைத்தேன், திரும்பத் தூவியது. நான் அழுததைப் பார்த்து கஸ்தூரி அண்ணிதான், "வாடைக்காத்து அடிச்சா வெள்ளத் துணிய வெளிய எடுக்காத ஸ்டெல்லா. அது வடக்கால கீற பவர் ஹவுஸ் சாம்பலையும் தூக்கிக்கினு வரும்" என்று சொல்லிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் வெள்ளையே வாங்கவில்லை. அரக்கு, காப்பிப்பொடி, நாவல்பழம், இப்படியே என் புடவைகள் போயின. தலையணை உறைகூடக் கத்திரிக்காய் நிறத்தில்தான் எடுப்பேன். ராயபுரத்தில் என் தங்கச்சி, "இன்னாக்கா, எப்ப பாத்தாலும் மழை வர மாதிரியே உடுத்திக்கினு வர?" என்று கேட்பாள். அவளுக்கு என்ன தெரியும்? துவைக்கிற கை என்னுடையது. கல்யாணப் புடவையை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன்.

கழுவினோம்

மார்கழிக் குளிர். அதற்கு முந்தின நாள்வரை விடாமல் மழை வேறு. டிரம்முத் தண்ணீரில் கை வைத்தால் எலும்புவரை ஏறும். ஏழுமலை முதலில் தான் குளித்தார். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள, ஈரத் துண்டோடு வந்து பச்சோந்தியைப் பிடித்துக்கொண்டார். நான் மக்கில் மொண்டு விரலால் சொட்டச் சொட்ட விட்டுத் தேய்த்தேன்.

தண்ணீரில் கரியே வரவில்லை. ஆனால் அது இன்னும் கறுத்தது.

"ஊறிக்கினு கீது, இன்னும் ஊத்து" என்றார் அண்ணி.

ஊற்றினேன். இன்னும் கறுத்தது. கரும்பழுப்பு போய் அட்டைக் கறுப்பாகிவிட்டது. நான் அந்த யார்டுக் கறுப்போடு எத்தனையோ வருஷம் மல்லுக்கட்டியவள். கழுவக் கழுவக் கறுப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சீயக்காய் போடலாமா?" என்று அண்ணி கேட்டார்.

"கண்ணு எரியும் அண்ணி."

"அப்போ பாத்திரம் வெளக்கற சோப்பு?"

நல்லவேளை, அதற்கும் நான் வேண்டாம் என்றேன். அதற்குள் அது இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டது. இடுக்கிப் பிடி தளர்ந்தது. வால் அவிழ்ந்து தொங்கியது. ஏழுமலை என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

"போச்சு மே. செத்துப்பூட்ச்சு. இன்னிக்கே கேட்டாண்ட நிறுத்திடுவாங்க" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

எனக்குப் பயம் வந்தால் கோபம்தான் வரும். "சாவு வூடு மாதிரி உக்காராதய்யா!" என்று கத்திக்கொண்டே அதைப் பிடுங்கினேன். என் உள்ளங்கையில் அது பனிக்கட்டி மாதிரிச் சில்லென்று இருந்தது. முதலில் துடைக்க வேண்டும். துணிக்கு எங்கே போவது? மழையில் வீட்டில் இருந்த ஒவ்வொரு துணியும் நசநசவென்று ஈரம். உலர்ந்த துணி வீட்டிலேயே ஒன்றுதான் இருந்தது. டிரங்குப் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டி, பிளாஸ்டிக் பையைப் பல்லால் கிழித்து, அந்த வெள்ளைப் புடவையில் அதைச் சுற்றினேன். சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். மாதாவே, இந்த மனுஷனுக்குச் சோறு போடுகிற வேலை இது, எடுத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டேன். அழுகையும் வந்தது.

புடவைக்குள் ஏதோ அசைந்தது. ஒரு கால் என் ரவிக்கைக் கையைக் கவ்வியது.

வெளியே ஓடி வந்தேன். அத்தனை நாள் மழைக்குப் பிறகு அப்போதுதான் வெயில் முருங்கை மரத்தில் இறங்கியிருந்தது. ஒரு கிளையில் அதை விட்டேன். அது உடம்பைத் தட்டையாக்கி, கறுத்த விலாவை வெயிலுக்குத் திருப்பிக்கொண்டு, அப்படியே ஆணி அடித்தது மாதிரி நின்றுவிட்டது. நனைந்த புடவையை மரத்தில் கட்டியிருந்த கொடியில் போட்டேன். வாடைக்காற்று அடிக்கிறது என்பதெல்லாம் அப்போது என் நினைவிலேயே இல்லை.

சந்தே சுவரைத் தடவியது

ஃபோன் வந்தது. வனத்துறை ஆள் மெயின் ரோட்டில் நின்று வழி கேட்டார், பெண் குரல். மரத்தைப் பார்த்துக்கொள்ளும்படி அண்ணியிடம் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் அழைத்துவரப் போனோம். காக்கிச் சட்டை, காலில் பூட்ஸ், கையில் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியோடு வனக்காவலர் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். எங்கள் வயதுகூட இல்லை.

திரும்பி வந்தால் கிளையில் ஒன்றுமில்லை.

"அடுப்புல பாலு பொங்கிடும்னு ஒரு எட்டு உள்ள போய்ட்டு வந்தேன்" என்றார் அண்ணி, அழாத குறையாக. "நவுரவே மாட்டேன்னு நின்னுகினு இருந்துச்சு. எங்க பூட்ச்சுன்னே தெர்லடா."

வனக்காவலரின் முகம் மாறியது. "இங்கதான் வெச்சிருந்தீங்களா? இல்ல யாருக்காச்சும் கொடுத்துட்டீங்களா? மருந்துக்கு வேணும்னு வாங்கறவங்க இருக்காங்க. கேஸ் ஆயிடும், தெரியும்ல?"

ஏழுமலை கையைக் கூப்பினார். எனக்கு அந்தப் பெண்மேல் வந்த ஆத்திரத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். அண்ணி முந்திக்கொண்டார்.

"எங்கயும் பூடல மேடம். இங்கதான் எதும் மேலயாவது ஒட்டிக்கினு அந்தக் கலர்ல கீது. நம்ம கண்ணுக்குத் தெர்ல, அவ்ளதான்."

சொல்லிவிட்டு அவர் சுவரைத் தடவ ஆரம்பித்தார். சிமென்ட் நிறத்தில் சுவரோடு சுவராக இருக்கும் என்பது அவர் கணக்கு. பின்னாலேயே சந்து முழுக்கத் திரண்டுவிட்டது. ஒருத்தி நீல டிரம்மைச் சுற்றித் தடவினாள், நீலமாகியிருந்தால் கையில் தட்டுப்படும் என்று. கஸ்தூரியின் வீட்டுக்காரர் தோளில் போட்டிருந்த துண்டை உதறி உதறிப் பார்த்தார். ஏழுமலை முழங்காலிட்டு வாசற்படியை இஞ்ச் இஞ்ச்சாகத் தடவினார். நான் அரக்குப் புடவை கட்டியிருந்தேன், என் முதுகை அண்ணி இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எல்லாரும் என்ன பண்றீங்க?" என்று கேட்டார் வனக்காவலர்.

"தேடுறோம் மேடம். இப்ப இன்னா கலர்ல கீதுன்னுதான் தெர்ல" என்றார் ஏழுமலை.

அந்தப் பெண் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம் எங்கள் தலைக்கு மேலே விரலை நீட்டினார்.

"அப்ப அது என்ன?"

கொடியில், வெயில் பட்டுப் பளீரென்று இருந்த என் வெள்ளைக் கல்யாணப் புடவையின் நட்ட நடுவில், பிஞ்சு வெண்டைக்காய்ப் பச்சையில், யாருக்கும் ஒளியாமல் அது உட்கார்ந்திருந்தது. மரத்திலிருந்து கொடிவழியாக நடந்து வந்திருக்கிறது. இத்தனை பேர் இத்தனை கண்ணோடு அதன் அடியிலேயே நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தோம். வெள்ளைமேல் பச்சை இருக்க முடியும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முதலில் சிரித்தது வனக்காவலர்தான். அப்புறம் சந்தே சிரித்தது. ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நெற்றியை அதில் முட்டுக்கொடுத்து நின்றார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய் நின்றேன். என் நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை யாரோ தூக்கி எடுத்தது போல இருந்தது.

"கழுவுனோம் மேடம். கழுவக் கழுவக் கறுத்துச்சு" என்றேன். மறைக்க எனக்கு மனசில்லை.

"அய்யய்யோ, பச்சைத் தண்ணியிலயா? குளிருலயும் பயத்துலயும் அது கறுத்துடும்க்கா. கறுத்தாத்தான் வெயில் சூடு சீக்கிரம் ஏறும். சூடு ஏறி, பயம் தெளிஞ்சா தானா பச்சைக்கு வந்துடும். சுத்தி இருக்கற கலரைப் பாத்து அது மாத்திக்கறதில்ல." அவர் கையை நீட்டினார். அது காலை ஆட்டி ஆட்டி யோசித்துவிட்டு அவர் விரலில் ஏறியது. "நல்லா இருக்கு. ஒண்ணும் ஆகல. காட்டுல விட்டுடலாம்."

ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொன்னதை ஏழுமலை உடனே சூப்பர்வைசருக்கு ஃபோன் பண்ணிச் சொன்னார். விரலில் பச்சோந்தியோடு வனக்காவலர் நிற்கிற ஃபோட்டோவும் குரூப்புக்குப் போனது. அந்த வாரமே கேட் பாஸ் வந்துவிட்டது. பச்சோந்தியால் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா, எங்களுக்குத் தெரியாது. பாஸ் வந்த அன்றிரவு குழம்பில் உப்பில்லை என்று அவர் சத்தம் போட்டார். எனக்கு அது காதில் தேன் மாதிரி விழுந்தது.

புடவையைப் பற்றிக் கேட்ட வாசகிக்கு: எடுக்கப் போனபோது பொட்டுப் பொட்டாகக் கரி விழுந்திருந்தது. துவைத்ததில் பாதி போயிற்று, பாதி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். அண்ணியின் வீட்டுக்காரரைத் திட்ட வேறு வார்த்தைதான் இன்னும் அகப்படவில்லை.

வெந்நீர்

பச்சோந்தி போன மறுநாள் காலையும் ஏழுமலை யார்டிலிருந்து கரியோடு வந்தார். வழக்கம்போல நேராக டிரம்முக்குப் போய், தலையைக் குனிந்து மக்கைக் கையில் எடுத்தார். நான் வழக்கமாக உள்ளேயிருந்து கத்துகிறவள். அன்றைக்கு வாசலில் நின்றிருந்தேன். தண்ணீர் மேலே படுவதற்கு முன்பே அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்தேன்.

"யோவ், மக்க கீழ வெய்யி."

"இன்னாமே?"

"தண்ணி காஞ்சிகினு கீது. அதுவரிக்கும் வெயில்ல உக்காரு."

அவர் மக்கை வைக்காமல் என்னைப் பார்த்தார். "ஒடம்பு கிடம்பு சரியில்லியா உனுக்கு?"

"உக்காருன்னா உக்காருய்யா."

முருங்கை மரத்தடிக் கல்லில் போய் உட்கார்ந்தார். தானாகவே முதுகை வெயில் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். என் எவர்சில்வர் டம்ளர் முழுக்க விரல் விரலாகக் கரி அப்பியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.